வீடு தேடி வரும் நர்ஸ்

"இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு அழைத்துப் போங்கள்."

பெரிய ஆஸ்பத்திரிகளில் சில நேரம் இப்படிச் சொல்வார்கள். புற்றுநோய் முற்றிப் போயிருக்கும். மருந்து கேட்காது. ஆபரேஷனும் செய்ய முடியாது. வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோயாளியை அழைத்து வருவார்கள்.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது?

நோயாளி வலியால் துடிக்கிறார். இரவில் தூக்கம் இல்லை. வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. புண்ணிலிருந்து நாற்றம் வருகிறது. பார்க்க வந்தவர்கள் வாசலிலேயே நின்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். மனைவிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிள்ளைகள் பயந்து ஒதுங்கி நிற்கிறார்கள்.

நோயைத் தீர்க்க முடியாது என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பது உண்மை அல்ல. வலியைக் குறைக்கலாம். புண்ணைச் சுத்தமாக வைக்கலாம். பயத்தைப் போக்கலாம். கடைசி நாட்களை அமைதியாக்கலாம்.

இதற்கென்றே ஒரு மருத்துவம் இருக்கிறது. அதற்கு நோய் தணிப்புச் சிகிச்சை என்று பெயர். ஆங்கிலத்தில் பாலியேட்டிவ் கேர் என்பார்கள். இதில் டாக்டரும் உண்டு, தொண்டர்களும் உண்டு. ஆனால் நோயாளியின் பக்கத்தில் அதிக நேரம் இருப்பவர் நர்ஸ்தான்.

ஒரு சன்னலின் கதை

இந்த மருத்துவத்துக்கு வழி காட்டியவரும் ஒரு நர்ஸ்தான். அவர் பெயர் சிசிலி சாண்டர்ஸ். இங்கிலாந்தைச் சேர்ந்தவர். 1918-ல் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது நர்ஸ் வேலைக்குப் படித்தார். முதுகு வலி காரணமாக அந்த வேலையைத் தொடர முடியவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பத்துக்கு உதவும் வேலையில் சேர்ந்தார்.

அங்கே டேவிட் டாஸ்மா என்ற நோயாளியைச் சந்தித்தார். அவர் போலந்து நாட்டிலிருந்து வந்தவர். அவருக்குப் புற்றுநோய். சொந்தம் என்று பக்கத்தில் யாரும் இல்லை. இருவரும் நிறையப் பேசினார்கள். சாகப் போகிறவர்களுக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்று பேசினார்கள். 1948-ல் அவர் இறந்தார். தன்னிடம் இருந்த 500 பவுன் பணத்தைச் சாண்டர்ஸுக்கு எழுதி வைத்தார். நீங்கள் கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு சன்னலாக இருப்பேன் என்று சொல்லியிருந்தார்.

சாண்டர்ஸ் அதை மறக்கவில்லை. டாக்டர் சொன்னால்தான் மற்ற டாக்டர்கள் கேட்பார்கள் என்று, மறுபடி படித்து 1957-ல் டாக்டர் ஆனார். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். ஹாஸ்பிஸ் என்றால் தீராத நோய் உள்ளவர்கள் கடைசிக் காலத்தை வலியில்லாமல் கழிக்கும் இடம். சன்னலுக்குப் பணம் கிடைத்து 19 வருஷம் கழித்துத்தான் வீடு கிடைத்தது!

நம் நாட்டுக்கு வந்த கதை

இந்தியாவில் முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் மும்பையில் தொடங்கியது. அதன் பெயர் சாந்தி அவேதனா.

ஆனால் நம் நாடு பெரியது. கட்டடம் கட்டி எத்தனை பேரைச் சேர்க்க முடியும்? அதோடு, கடைசிக் காலத்தில் சொந்த வீட்டில் இருக்கவே பலர் விரும்புகிறார்கள்.

கேரளத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் நண்பர்களுடன் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். வலியும் நோயும் தணிக்கும் சங்கம் அது. முதலில் நோயாளிகள் அங்கே வந்தார்கள். நடக்க முடியாதவர்கள் எப்படி வருவார்கள்? ஆகவே நர்ஸும் டாக்டரும் வீடு தேடிப் போனார்கள்.

பிறகு ஊர் மக்களும் சேர்ந்தார்கள். மலப்புறம் மாவட்டத்தில் ஆசிரியர்கள், கடைக்காரர்கள், கூலி வேலை செய்பவர்கள், கல்லூரி மாணவர்கள் தொண்டர்களாகப் பயிற்சி பெற்றார்கள். கடைகளில் உண்டியல் வைத்துச் சிறு காசாகச் சேர்த்தார்கள். அந்தக் காசில் மருந்து வாங்கினார்கள். வண்டிக்கு வாடகை கொடுத்தார்கள்.

2008-ல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையை அறிவித்தது. இப்போது அங்கே பஞ்சாயத்துகளில் இந்த வேலைக்கென்று நர்ஸ் இருக்கிறார். வாகனத்தில் வீடு வீடாகப் போகிறார்.

பையில் என்ன இருக்கிறது?

அந்த நர்ஸின் பையைத் திறந்து பார்ப்போம். பஞ்சு, கட்டுத் துணி, கையுறை, கத்தரிக்கோல், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சிறுநீர் போவதற்கான ரப்பர் குழாய், சில மாத்திரைகள். வேறு பெரிய கருவி எதுவும் இல்லை.

வீட்டுக்குள் போனதும் அவர் முதலில் செய்வது என்ன? உட்காருகிறார். கட்டிலுக்குப் பக்கத்தில், நோயாளியின் முகம் தெரியும்படி உட்காருகிறார். நின்றுகொண்டே பேசினால் அவசரமாகப் போகப் போகிறார் என்று நோயாளி நினைப்பார். உட்கார்ந்தால்தான் மனதில் இருப்பதைச் சொல்வார்.

வயதானவர்கள் பலர் அவரை "மோளே" என்று அழைக்கிறார்கள். மலையாளத்தில் மகளே என்று பொருள். மற்றவர்கள் "சிஸ்டர்" என்கிறார்கள்.

வலிக்கு ஒரு எண்

வலி கண்ணுக்குத் தெரியாது. அனுபவிப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே நர்ஸ் இப்படிக் கேட்கிறார்:

"வலியே இல்லை என்றால் சுழி. இதற்கு மேல் தாங்கவே முடியாது என்றால் பத்து. இப்போது உங்கள் வலி எத்தனை?"

"எட்டு."

நர்ஸ் எட்டு என்று எழுதிக்கொள்கிறார். நாளைக்கு ஐந்து ஆனால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒன்பது ஆனால் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்ற வேண்டும். நோயாளி சொல்லும் எண்ணை நர்ஸ் நம்புகிறார். "இவ்வளவு வலி இருக்காதே" என்று சொல்வதில்லை.

உடம்பு வலி மட்டும்தான் வலியா? கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார் என்றால் வலி கூடுகிறது. மகள் கல்யாணம் நின்று போனால் வலி கூடுகிறது. "நான் என்ன பாவம் செய்தேன்?" என்ற எண்ணத்தாலும் வலி கூடுகிறது. உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் வலி. இதைச் சிசிலி சாண்டர்ஸ் முழு வலி என்று விளக்கினார். அதனால்தான் நர்ஸ் மருந்து கொடுப்பதோடு வீட்டு நிலையையும் விசாரிக்கிறார்.

மார்ஃபின் என்ற மருந்து

லேசான வலிக்குச் சாதாரண மாத்திரை போதும். கடுமையான புற்றுநோய் வலிக்கு அது போதாது. அதற்கு மார்ஃபின் என்ற மருந்து தேவைப்படுகிறது.

மார்ஃபின் அபினியிலிருந்து எடுக்கப்படுகிறது. நம் சமையலறையில் இருக்கும் கசகசா இந்த அபினிச் செடியின் விதைதான். செடியின் காயைக் கீறினால் வரும் பாலில்தான் அபினி இருக்கிறது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில், அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் மட்டும் இதைப் பயிரிடுகிறார்கள். நம் நாட்டு அபினி பல காலம் வெளிநாடுகளுக்கும் மருந்து செய்யப் போனது. ஆனால் நம் ஊர் நோயாளிக்கு மார்ஃபின் கிடைக்கவில்லை. ஏன்?

1985-ல் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. போதைக்காரர்களைத் தடுக்க வந்த சட்டம் நோயாளிகளையும் தடுத்துவிட்டது. மார்ஃபின் வைத்திருக்க ஆஸ்பத்திரிகள் பல அலுவலகங்களில் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. எதற்கு வம்பு என்று பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்குவதையே விட்டுவிட்டன. டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் பல வருஷம் போராடினார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. விதிகள் எளிதாயின. ஆனாலும் இது இன்னும் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

மக்களுக்கும் பயம் இருக்கிறது. "மார்ஃபின் கொடுத்தால் போதைக்கு அடிமை ஆகிவிடுவார்" என்கிறார்கள். "மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் செத்துவிடுவார்" என்கிறார்கள்.

நர்ஸ் பொறுமையாக விளக்குகிறார். டாக்டர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுத்தால் அடிமை ஆகும் பயம் மிகக் குறைவு. சரியான அளவில் கொடுக்கும் மார்ஃபின் உயிரைப் பறிக்காது. வலி குறைந்தவர் தூங்குகிறார், நாலு வாய் சாப்பிடுகிறார், பேரனோடு பேசுகிறார். ஆனால் மலச்சிக்கல் வரும். அதற்கு டாக்டர் கூடவே மருந்து தருவார். அதை விடாமல் கொடுக்க வேண்டும்.

முக்கியமான விஷயம் நேரம். சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வந்த பிறகு கொடுப்போம் என்று காத்திருக்கக் கூடாது. வலி வருவதற்கு முன்பே அடுத்த மாத்திரை கொடுக்க வேண்டும். இரவு பத்து மணி மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டித் தருவதுண்டு. அப்போது நடுராத்திரியில் எழுப்ப வேண்டியதில்லை. அளவை நாமாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

கைகள் செய்யும் வேலை

படுத்தபடியே இருப்பவருக்குப் படுக்கைப் புண் வரும். இடுப்பு, பிட்டம், குதிகால், தோள்பட்டை, முழங்கை, பின்னந்தலை ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். அங்கே எலும்பு தோலை அழுத்தும். முதலில் தோல் சிவக்கும் அல்லது கறுக்கும். அப்போதே கவனிக்க வேண்டும்.

நர்ஸ் வீட்டாருக்குச் செய்து காட்டுகிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடம், வலம் என்று திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இழுக்கக் கூடாது. இழுத்தால் தோல் உரியும். விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது. ஈரத் துணியை உடனே மாற்ற வேண்டும். காலுக்கு இடையில் தலையணை வைக்க வேண்டும்.

வாய் காய்ந்து வெடித்தால் பேச முடியாது. சுத்தமான மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்து வாயைத் துடைத்துவிட வேண்டும். உதட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவலாம்.

புண்ணில் நாற்றம் இருந்தால் அதற்கும் மருந்து இருக்கிறது. மெட்ரோனிடசோல் என்ற மாத்திரையைப் பொடித்து நர்ஸ் புண்ணில் தூவுகிறார். மேலே சுத்தமான துணி வைத்துக் கட்டுகிறார். சில நாளில் நாற்றம் குறைகிறது. வாசலில் நின்ற உறவினர் உள்ளே வருகிறார். கட்டிலில் உட்காருகிறார். நோயாளிக்கு இதைவிடப் பெரிய மருந்து ஏது?

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. இதையும் நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்மையைச் சொல்லலாமா?

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும். நோயாளியின் மனைவி நர்ஸை வாசலிலேயே நிறுத்துகிறார்.

"சிஸ்டர், அவரிடம் நோயின் பேரைச் சொல்லிவிடாதீர்கள். உடைந்துவிடுவார்."

"சேச்சி, நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனால் அவரே கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன்."

சேச்சி என்றால் அக்கா. நர்ஸ் உள்ளே போகிறார். கட்டு மாற்றும்போது நோயாளி மெதுவாகக் கேட்கிறார்:

"சிஸ்டர், எனக்குக் குணமாகுமா?"

"உங்களுக்கு என்ன தோன்றுகிறது, சேட்டா?"

"இந்த முறை எழுந்து நடப்பேன் என்று தோன்றவில்லை."

நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

"எதை நினைத்து அதிகமாகக் கவலைப்படுகிறீர்கள்?"

"மகளுக்குச் சேர வேண்டிய இடம் இன்னும் என் பேரில் இருக்கிறது. அண்ணனோடு பேசி ஏழு வருஷம் ஆகிறது. அவளிடம் இதையெல்லாம் சொன்னால் அழுவாள். அதனால் சொல்லவில்லை."

பார்த்தீர்களா? அவருக்கு ஏற்கெனவே தெரியும். மனைவிக்கும் தெரியும். அவர் உடைந்துவிடுவார் என்று இவர் மறைக்கிறார். இவர் அழுவார் என்று அவர் மறைக்கிறார். ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியாக அழுகிறார்கள். நர்ஸ் இருவரையும் பக்கத்தில் உட்கார வைக்கிறார். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். பிறகு பேசுகிறார்கள். பத்திரம் எழுத ஆள் வருகிறது. அண்ணனுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்துகொள்ள விரும்பாதவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் கேட்கிறவருக்குப் பொய் சொன்னால், அவர் செய்ய நினைத்த காரியம் நின்று போகும். அதைப் பிறகு யாராலும் சரி செய்ய முடியாது.

கடைசி நாட்கள்

சாவு நெருங்கும்போது உடம்பில் மாற்றங்கள் வரும். இவை முன்பே தெரிந்தால் வீட்டார் பதற மாட்டார்கள்.

சாப்பாடு குறையும். நாள் முழுவதும் தூக்கம் வரும். கையும் காலும் குளிரும். மூச்சு விட்டு விட்டு வரும். தொண்டையில் கர கர என்று சத்தம் கேட்கும்.

"பட்டினியாகச் சாகிறாரே" என்று வீட்டார் வாயில் கஞ்சியை ஊற்றுவார்கள். இது ஆபத்து. விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் கஞ்சி மூச்சுக் குழாய்க்குள் போகும். பசியால் சாகவில்லை, சாவு நெருங்குவதால் பசி நின்றுவிட்டது என்று நர்ஸ் விளக்குகிறார். "குளுக்கோஸாவது ஏற்றுங்கள்" என்றும் கேட்பார்கள். கடைசி நேரத்தில் அந்தத் தண்ணீரை உடம்பு ஏற்காமல் போகலாம். வீக்கமும் சளியும் கூடலாம். எது நல்லது என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

தொண்டைச் சத்தம் கேட்டால் ஒரு பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கலாம். அது விழுங்க முடியாத எச்சிலும் சளியும் எழுப்பும் சத்தம். நமக்குக் கேட்கக் கஷ்டமாக இருக்கும். மயக்கத்தில் இருப்பவருக்கு அவ்வளவு துன்பம் இருக்காது.

துளசித் தண்ணீரோ, கங்கை நீரோ, ஜம்ஜம் நீரோ, பாலோ கொடுப்பது வீட்டு வழக்கமாக இருக்கலாம். நர்ஸ் தடுப்பதில்லை. "பஞ்சில் நனைத்து உதட்டில் வையுங்கள், அது போதும்" என்கிறார். கண் மூடியிருந்தாலும் காதில் விழக்கூடும். ஆகவே கட்டில் பக்கத்தில் நின்று செலவுக் கணக்குப் பேசக் கூடாது. பிரியமானதைப் பேச வேண்டும். கையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நர்ஸின் மனம்

இந்த வேலையில் நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. அப்படியானால் அவருக்கு வேலையில் என்ன திருப்தி?

நேற்று எட்டு என்று சொன்னவர் இன்று மூன்று என்று சொல்வதுதான் திருப்தி. பலரும் சாவைவிட மூன்று விஷயங்களுக்கு அதிகம் பயப்படுவதை அவர் பார்க்கிறார். வலிக்குப் பயப்படுகிறார்கள். பிறருக்குப் பாரமாக இருப்பதற்குப் பயப்படுகிறார்கள். தனியாகச் சாவதற்குப் பயப்படுகிறார்கள். இந்த மூன்றையும் குறைக்க முடியும்.

அவருக்கும் துக்கம் உண்டு. நர்ஸ் அழக் கூடாது என்று சட்டம் இல்லை. குழுவாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேசி மனச் சுமையை இறக்கி வைக்கிறார்கள். நோயாளி இறந்த சில நாள் கழித்து நர்ஸும் தொண்டர்களும் அந்த வீட்டுக்கு மறுபடி போகிறார்கள். அப்போது பையில் மருந்து தேவையில்லை. மாதக் கணக்கில் கண்விழித்த மனைவி சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பார்க்கிறார்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று விசாரிக்கிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

இந்தியாவில் இந்தச் சிகிச்சை தேவைப்படும் எல்லோருக்கும் இன்னும் கிடைக்கவில்லை. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்யும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அதற்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும். நோயாளி இருக்கும் வீட்டில் ஒரு நோட்டு வையுங்கள். இப்படி எழுதுங்கள்:

காலை 6 மணி. மாத்திரை கொடுத்தாச்சு. வலி 5.
காலை 10 மணி. மாத்திரை கொடுத்தாச்சு. வலி 3.
பகல் 2 மணி. மாத்திரை கொடுத்தாச்சு. வலி 3. மலம் போகவில்லை.
மாலை 6 மணி. மாத்திரை கொடுத்தாச்சு. வலி 2. அரை டம்ளர் கஞ்சி.
இரவு 10 மணி. மாத்திரை கொடுத்தாச்சு. தூங்கிவிட்டார்.

நர்ஸ் வந்ததும் முதலில் கேட்பது இந்த நோட்டைத்தான். இதைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தின் அளவை முடிவு செய்வார். உங்கள் வீட்டில் நோயாளி இல்லை என்றால், பக்கத்து வீட்டுக்குப் போய் எழுதிக் கொடுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகள் எத்தனை பேர்? அவர்களைப் பார்க்க யார் போகிறார்கள்?

2. மார்ஃபின் பற்றி உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

3. தீராத நோய் வந்தால், அது உங்களிடம் சொல்லப்பட வேண்டும் என்று விரும்புவீர்களா? ஏன்?